உப்புப் படிகம் ஒற்றையாக வளரவில்லை, எங்கே தவறு?

மதுரை அம்மா:
ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஒரே ஒரு பெரிய உப்புப் படிகத்தை வளர்த்துக் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். கொதிக்கும் நீரில், இனிக் கரையாது என்கிற அளவுக்குத் தூள் உப்பைப் போட்டோம். பென்சிலில் தையல் நூல் கட்டித் தொங்கவிட்டு ஃபிரிட்ஜில் வைத்தோம். நான்கு நாளாகியும் நூலில் ஒன்றுமில்லை, அடியில் மட்டும் மாவு போலக் கொஞ்சம் படிந்திருந்தது. பிறகு மொட்டைமாடி வெயிலில் வைத்தோம். இரண்டே நாளில் நூல் முழுக்கக் காலிஃபிளவர் போல வெள்ளை! கண்ணாடி டம்ளரின் விளிம்பைத் தாண்டி வெளிப்புறமும் உப்பு பூத்துவிட்டது. கரைசலும் பால் கலந்தது போல் கலங்கியிருக்கிறது. இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

வேதியியல் ஆசிரியர்:
அம்மா, முதல் தவறு ஃபிரிட்ஜ். சூடான கரைசலை ஆறவைத்துப் படிகம் எடுக்கும் முறை படிகாரத்துக்கு நன்றாக வரும். 100 மி.லி. நீரில் படிகாரம் 20 டிகிரியில் சுமார் 14 கிராம்தான் கரையும். 50 டிகிரியில் சுமார் 36 கிராம் கரையும். ஆறும்போது அந்த வித்தியாசம் முழுவதும் படிகமாக வெளியே வந்தாக வேண்டும். சமையல் உப்போ உறைநிலையில் ஏறக்குறைய 36 கிராம், கொதிநிலையில் 39 கிராம். எவ்வளவு குளிர்வித்தாலும் அது வெளியே விடுவது அந்த மூன்று கிராம்தான். ஆகவே உப்புக்கு நீர் ஆவியாவது ஒன்றே வழி, அதுவும் மெதுவாக.

காலிஃபிளவருக்குக் காரணம் நூல். பருத்தி நூலின் ஒவ்வொரு இழையிலும் ஒரு படிகம் பிறக்க இடம் கிடைக்கிறது. ஆயிரம் குஞ்சுகள் ஒரே இரைக்குப் போட்டியிட்டால் எதுவும் பெரிதாகாது. வழவழப்பான நைலான் நரம்பு வாங்குங்கள். விளிம்பு ஏறுவது தந்துகிக் கவர்ச்சியால்: படிந்த உப்பின் இடுக்குகள் வழியே கரைசல் மேலே ஏறி, அங்கே காய்ந்து, மேலும் ஏறுகிறது. டம்ளரின் உள் விளிம்பில் வாஸலின் தடவினால் நின்றுவிடும்.

கலங்கலுக்குக் காரணம், தூள் உப்பு கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களாக இருக்கலாம். அவற்றில் சில நீரில் கரையாதவை. கல்லுப்புக்கு மாறுங்கள், கரைத்தபின் வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டுங்கள்.

தூத்துக்குடி உப்பளத்தான்:
ஆசிரியர் ஐயா சொன்னதோடு என் பங்குக்கு ஒன்று. கல்லுப்பை அப்படியே கரைக்காதீர்கள் அம்மா. ஒரு பிடி எடுத்துக் கொஞ்சம் தண்ணீரில் சட்டென்று அலசிவிட்டுக் கரையுங்கள். பாத்தியில் உவர்நீர் 25 டிகிரி போமிக்கு வந்தால்தான் உப்பு விழத் தொடங்கும் (போமி என்பது சூட்டின் அளவல்ல, உவர்நீரின் அடர்த்தியைக் காட்டும் அளவு). கடல்நீர் மூன்று டிகிரி சுமார்தான் இருக்கும். உப்பு விழுவதற்கு முன்பே ஜிப்சம் தனியாகப் படிந்துவிடும். 30 டிகிரியை நெருங்கினால் மிச்ச நீரை வெளியேற்றிவிடுவோம். அதில் மெக்னீசியம் உப்புகள் மிகுந்திருக்கும், நாக்கில் வைத்தால் கசக்கும். அதன் ஈரம் கல்லுப்பின் மேல் ஒட்டியிருப்பதால்தான் மழைக்காலத்தில் ஜாடியில் உப்பு நசநசக்கிறது.

இன்னொன்று, காற்றில்லாத மதியத்தில் பாத்தி மேல் ஏடு படர்வதைப் பார்த்திருக்கிறேன். குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றும் படிக்கட்டு வைத்த சின்னத் தெப்பக்குளம் போல நடுவில் குழிந்த சதுரம். தொட்டால் மூழ்கிவிடும். அத்தனை அழகு, ஆனால் பாப்பாவுக்கு வேண்டியது அதுவல்ல.

வேதியியல் ஆசிரியர்:
அருமையாகச் சொன்னீர்கள் அண்ணா. வேகமாக வளரும்போது மூலைகளுக்கும் ஓரங்களுக்கும் உப்பு அதிகம் கிடைக்கிறது, முகத்தின் நடுப்பகுதி பின்தங்கிவிடுகிறது. அதனால்தான் குழி. நிதானமாக வளர்ந்தால் கனசதுரம் நிறையும். மாடி வெயில் வேண்டாம் அம்மா.

மதுரை அம்மா:
ஐயா, அண்ணன் இருவருக்கும் நன்றி. தட்டில் கொஞ்சம் கரைசலை ஊற்றிவைத்து, ஐந்தாம் நாள் அரிசியளவில் தெளிவான சதுரம் ஒன்றைப் பொறுக்கினோம். நைலான் நரம்பில் கட்டித் தொங்கவிட்டோம். காலையில் வெறும் நரம்புதான் இருந்தது. படிகத்தைக் காணவில்லை. மகள் அழுதுவிட்டாள்.

வேதியியல் ஆசிரியர்:
அழ வேண்டாம் என்று சொல்லுங்கள், எல்லோருக்கும் முதலில் நடப்பதுதான். கரைசல் தெவிட்டவில்லை, அதனால் வித்துப் படிகத்தையே கரைத்துக்கொண்டது. கரைசலில் ஒரு கரண்டி உப்பு கூடுதலாகப் போட்டு, அவ்வப்போது கலக்கி, ஒரு நாள் முழுக்க வையுங்கள். அடியில் கரையாத உப்பு மிஞ்சினால்தான் அது தெவிட்டிய கரைசல். தெளிவை மட்டும் வேறு டம்ளருக்கு இறுத்து, புதிய வித்துப் படிகத்தைத் தொங்கவிடுங்கள். மேலே மெல்லிய துணி மூடி, வெயிலும் மின்விசிறிக் காற்றும் படாத அலமாரி மூலையில் வைக்க வேண்டும். அடியில் புதிதாகப் படிகங்கள் முளைத்தால் வாரம் ஒருமுறை கரைசலை வேறு டம்ளருக்கு மாற்றிவிடுங்கள். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது.

மதுரை அம்மா:
பத்தொன்பது நாள் ஆகிறது. இன்று அளந்தோம்: ஒரு பக்கம் 8 மி.மீ.! மூன்று முகங்கள் கண்ணாடி போல இருக்கின்றன. செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்து தெரிகிறது. நரம்பு நுழையும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கீறல். ஆனால் நேற்று மழை பெய்ததும் வெளியே எடுத்து வைத்திருந்த படிகம் வியர்த்துவிட்டது. கண்காட்சி வரை எப்படிக் காப்பது?

தூத்துக்குடி உப்பளத்தான்:
காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பும் நீரை இழுக்கும் அம்மா. கையால் தொடாமல் துணியால் ஒற்றி எடுத்து, இறுக மூடும் கண்ணாடிக் குப்பியில் போடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் நிறமற்ற நகப்பூச்சு ஒரு பூச்சு பூசினால் இன்னும் பாதுகாப்பு. பாப்பாவை ஒருநாள் தூத்துக்குடிக்கு அழைத்து வாருங்கள். மார்ச், ஏப்ரல் என்றால் பாத்தியில் நல்ல உப்பு கிடக்கும்.