ஆஸ்பெரிட்டிக்குத் தமிழ்: சுணையா, பருவா, பல்லா?

மொழிபெயர்ப்பவர்:
குழுவினருக்கு வணக்கம். பாறைப் பொறியியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். பாறை மூட்டு, அதாவது பாறையில் இயற்கையாக விழுந்த பிளவு; அதன் முகத்தின் கரடுமுரட்டுத் தன்மைக்குச் 'சொரசொரப்பு' போட்டாயிற்று. அம்முகத்தில் தனித்தனியாகத் துருத்தி நிற்கும் ஒவ்வொன்றும் ஆஸ்பெரிட்டி. முந்தைய பதிப்பில் அதுவும் சொரசொரப்புதான். விளைவு: "அழுத்தம் கூடினால் சொரசொரப்பு வெட்டுப்பட்டுச் சொரசொரப்பு குறையும்." எண்ணக்கூடிய, பன்மை ஏற்கும் சொல் வேண்டும். வெட்டு வலிமை (சறுக்கலைத் தாங்கும் வலிமை), உராய்வுக் கோணம் இரண்டும் முடிந்த கதை. 'வெட்டு'க்குப் பதில் 'கொய்வு' கேட்கும் அன்பர்கள் பொறுத்தருள்க.

சொல்லாய்வாளர்:
'சுணை' இருக்க வேறு எதற்கு? கரும்புத் தோகையிலும் மூங்கிலிலும் கையைப் பதம் பார்ப்பது அது. சுள் என்ற வேரிலிருந்து வந்தது என்பது என் துணிபு. உணர்ச்சி என்றும் பொருள் உண்டு. தேய்ந்து வழுவழுத்த முகத்தைச் 'சுணை கெட்ட பாறை' என்றே சொல்லலாம். பழமை வேண்டுவோர்க்குச் சங்கப் பாட்டின் 'பொரியரை' இருக்கிறது. வேம்பின் வெடித்த பட்டைக்குப் 'பொரி' ஆகுமானால் பாறைக்கு ஏன் ஆகாது?

பாறைப் பொறியாளர்:
ஐயா, சுணை மயிரளவு. ஆஸ்பெரிட்டி மில்லிமீட்டரிலும் இருக்கும், மீட்டரிலும் இருக்கும். தவிர, ஓர் எழுத்துப் பிழையில் 'பாறைச் சுணை' 'பாறைச் சுனை' ஆகிவிடும். படிப்பவர் குடத்தை எடுத்துக்கொண்டு போவார்.

சொல் எதைச் சுமக்கவேண்டும் என்று முதலில் பார்ப்போம். முகத்துக்குச் செங்குத்தாக விழும் அழுத்தம் குறைவாக இருந்தால் மேல் முகம் கீழ் முகத்தின் துருத்தல்கள்மேல் ஏறிச் சறுக்கும், மூட்டு திறந்துகொள்ளும். அப்போது அடிப்படை உராய்வுக் கோணத்தோடு துருத்தலின் சரிவுக் கோணமும் கூடும். அழுத்தம் ஏறினால் ஏற வழியில்லை, துருத்தலே வெட்டுப்படும். 1966இல் ஆய்வாளர் பேட்டன் ரம்பப் பல் வடிவ மாதிரிகளை வைத்துக் காட்டியது இதைத்தான். பார்ட்டனும் சௌபேயும் 1977இல் தந்த வாய்பாட்டில் இந்த மாற்றம் மடக்கையாக வருகிறது. சொரசொரப்பு எண் 10, மூட்டுச் சுவரின் அமுக்க வலிமை 100 மெகாபாஸ்கல், எஞ்சிய உராய்வுக் கோணம் 28 பாகை என்று கொள்ளுங்கள். செங்குத்து அழுத்தம் 1 மெகாபாஸ்கல் என்றால் சுவர் வலிமை அதைப்போல் 100 மடங்கு, 100இன் மடக்கை 2; 10 × 2 = 20 பாகை கூடி 48; வெட்டு வலிமை சுமார் 1.11 மெகாபாஸ்கல். வழுவழுப்பான முகமானால் 0.53தான். அழுத்தம் 10 ஆனால் கூடுவது 10 பாகை மட்டுமே. ஆகவே 'ஏறும்', 'உடையும்' என்ற இரண்டு வினையோடும் சேரும் சொல் வேண்டும். பொரி எதிலும் ஏறாது.

ஆசிரியர்:
பல். பல் ஏறும், பல் உடையும், பல்லோடு பல் கோக்கும். இடையில் களிமண் படிந்து அதன் தடிப்பு பல்லின் உயரத்தைத் தாண்டினால் "பல் படாது", வலிமை களிமண்ணுடையது. மாணவருக்கு விளக்கவே வேண்டாம்.

சொல்லாய்வாளர்:
பற்சக்கரத்துப் பல் ஒழுங்கானது. பாறையில் ஒழுங்கு ஏது? மேலும், முகத்தின் வடிவெடுக்கும் கருவி சீப்பு. "சீப்பின் பல்லைப் பாறையின் பல்லில் அழுத்துக" என்று எழுதுவீர்களோ? 'பரு' என்க. பரு, பருமை, பருக்கை, பரல் எல்லாம் ஓரினம்.

ஆசிரியர்:
பரு என்றதும் வகுப்பே கன்னத்தைத் தடவும். அந்தச் சீப்பில் இருப்பவை ஊசிகள், ஐயா.

பாறைப் பொறியாளர்:
பல்லுக்கு என் வாக்கு. ஒரு குறை: பெரிய அளவில் முகம் நெளிந்து கிடப்பதைப் பல் என்று சொல்லமுடியாது. அதற்கு 'நெளிவு' வைக்கலாம்; 'அலைவு' வேண்டாம், ஊசல் எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டையும் பிரிக்காவிட்டால் ஆபத்து. சொரசொரப்பு எண்ணைக் கண்டறிய ஒப்பிடும் பத்து மாதிரி வடிவக்கோடுகளும் 10 சென்டிமீட்டர் நீளத்தவை. அதில் கிடைத்த எண்ணை அப்படியே பல மீட்டர் பாறைத் துண்டுக்குப் போட்டால் வலிமை மிகையாகிவிடும். நீளம் கூடக்கூட எண்ணும் சுவர் வலிமையும் இறங்கும்; சிறு பற்கள் ஒதுங்கி நீண்ட, சரிவு குறைந்த மேடுகள் ஆட்சிக்கு வரும். அளக்கும் திசையும் சறுக்கும் திசையாக இருக்கவேண்டும். வரிவரியான முகத்தில் குறுக்கே அளந்தால் வேறு எண் வரும்.

மொழிபெயர்ப்பவர்:
சொரசொரப்பு, பல், நெளிவு. அப்படியே போகிறது.

சொல்லாய்வாளர்:
என் மறுப்பைப் பதிவு செய்க. மூன்றில் ஒன்றாவது சுணையாக இருந்திருக்கலாம்.

மொழிபெயர்ப்பவர்:
மெய்ப்பு வந்துவிட்டது. 'மூட்டு வலிமை' வரி முறிந்து, மேல்வரியில் 'மூட்டு வலி' என்று நிற்கிறது. மூட்டுக்கு யாரிடமாவது வேறு சொல் உண்டா?