மறுமொழி: டியூபுலினைப் பிணைக்கும் ஸ்டாத்மின் – ‘தடுப்புப் புரதம்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். செல்லுக்குள் டியூபுலினோடு ஒட்டிக்கொள்ளும் ஸ்டாத்மின் என்ற புரதத்தை நம் கலைச்சொல் அகராதியில் எவ்வகைப் புரதம் என்று குறிப்பது என்ற பேச்சில் ஒருவர் எழுதியிருந்தது:

> ஸ்டாத்மினைத் ‘தடுப்புப் புரதம்’ என்றே சொல்லலாமே. பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

ஐயா, சட்டென்று புரியும், ஆனால் பாதிதான் புரியும் என்பது என் கவலை.

டியூபுலின் என்பது செல்லுக்குள் நுண்குழல் என்ற மெல்லிய குழாயைக் கட்டும் புரதம். ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு துணையலகுகள் சேர்ந்த இணை அது; நீளம் சுமார் 8 நானோமீட்டர். ஸ்டாத்மின் இப்படிப்பட்ட இரண்டு இணைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, நீளவாக்கில் ஒட்டிப் படிந்து, வளைந்த நிலையிலேயே பிடித்துக்கொள்கிறது. வளைந்த துண்டு நேரான நுண்குழல் சுவரில் அமராது. அதனால் குழல் வளர்வது குறைகிறது. இதுவரை ‘தடுப்பு’ சரிதான்.

அப்புறம்தான் சிக்கல். பீட்டாவில் இருக்கும் ஜிடிபி (GTP) என்ற ஆற்றல் மூலக்கூறை நீராற்பகுக்கும், அதாவது நீரைக் கொண்டு உடைக்கும், திறன் டியூபுலினுக்கே உண்டு. தனியாக இருக்கும்போது அது மிக மந்தம். அடுத்த இணையின் ஆல்ஃபா வந்து பீட்டாவைத் தொட்டால்தான் வினைமையம், அதாவது பகுப்பு நடக்கும் இடம், நிறைவடையும். ஆல்ஃபாவின் 254ஆம் இடத்திலுள்ள குளுட்டமேட் என்ற அமினோ அமிலம் அங்கே முக்கியம். ஸ்டாத்மின் இரண்டு இணைகளை அடுத்தடுத்து நிறுத்துவதால் அந்தத் தொடுகை குழலுக்கு வெளியிலேயே கிடைத்துவிடுகிறது. ஜிடிபி பகுப்பு கூடுகிறது! அதே சமயம், பழைய மூலக்கூறு போய்ப் புதிய ஜிடிபி வந்து அமர்வது குறைகிறது. ஒன்றைக் கூட்டி, இன்னொன்றைக் குறைக்கிற புரதத்துக்குத் ‘தடுப்பு’ என்று பெயர் வைத்தால், நொதித் திறன் கூடுவதை வகுப்பில் எப்படி விளக்குவது?

டியூபுலினோடு பிணையும் கொல்கிசின் என்ற நச்சுப்பொருளும் இப்படித்தான். ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்களே, கண்வலிக்கிழங்கு, அதில் இருப்பதுதான். மதுரையில் இளநிலை மாணவர்களுக்கு வெங்காய வேர்நுனியைக் கொல்கிசினில் ஊறவைத்து, அசிட்டோகார்மின் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கிக் காட்டுவோம். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல்களான கதிர்கோல் இழை இல்லாமல் குரோமோசோம்கள் சிதறிக் கிடக்கும். பார்த்தவுடன் ‘எல்லாம் நின்றுவிட்டது’ என்பார்கள். ஆனால் குழல் கட்டுவது நின்றாலும், கொல்கிசின் பிணைந்த டியூபுலினில் ஜிடிபி பகுப்பு கூடவே செய்கிறது. 2004இல் வெளியான படிக அமைப்பில் டியூபுலின், கொல்கிசின், ஸ்டாத்மின் வகைப் புரதத்துண்டு மூன்றும் ஒன்றாகவே இருக்கின்றன. வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டுவது நல்லது.

இனி சொல்லுக்கு வருவோம். ‘மதகுப் புரதம்’ என்று ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். விரகனூர் மதகணை வைகை நீரை அளந்து விடுவதுபோல என்ற விளக்கம் அழகு. ஆனால் செல் சவ்வில் திறந்து மூடும் புரதங்களுக்குத்தான் அது பொருந்தும்; குழப்பம் வரும். ‘நெறிப்புரதம்’ சுருக்கமாக இருக்கிறது; ஆனால் நம் பக்கம் ‘அக்குளில் நெறி கட்டியிருக்கிறது’ என்பார்கள், உயிரியல் பாடத்தில் நிணநீர்க் கணுதான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை ‘ஒழுங்காற்றுப் புரதம்’. காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு வந்தபின் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் இந்தச் சொல் தெரியும். கூட்டவும் குறைக்கவும் இரண்டுக்கும் இடம் தருகிறது. ஸ்டாத்மின், டியூபுலின் இரண்டையும் பெயராகவே விட்டுவிடலாம். ‘ஜிடிபேஸ் செயல்பாடு’ என்பதற்கு ‘ஜிடிபி பகுப்புத் திறன்’ போதும். ‘ஜிடிபி பகுநொதி’ என்றால் டியூபுலினை வெறும் நொதியாக எண்ணிவிடுவார்கள்.

இலக்கணம் தெரிந்தவர்கள் ஒன்று சொல்லுங்கள்: வினைத்தொகையாகக் கொண்டால் ‘ஒழுங்காற்று புரதம்’ என்று ஒற்று மிகாது, குழுவின் பெயரில் மிகுந்து வருகிறது. அகராதியில் எதை ஏற்றுவது?