பின் டயர் ஓயாமல் பஞ்சர், எந்த டயர் வாங்கலாம்? (அவசரம்)

பாளை மிதி | ஞாயிறு இரவு 9:42
வணக்கம். பாளையிலிருந்து கங்கைகொண்டான் சிப்காட்டுக்குத் தினமும் சைக்கிளில் போய் வருகிறேன். மழை தொடங்கியதிலிருந்து பஞ்சர் தாங்க முடியவில்லை. இரண்டு வாரத்தில் ஐந்து! நேற்று விடியுமுன் தாழையூத்து தாண்டி இருட்டில் உருட்டிக்கொண்டு போனேன். ஆறு மணி ஷிஃப்ட் போச்சு, அரை நாள் சம்பளமும் போச்சு. பஞ்சரே ஆகாத டயர் எது? விலை பரவாயில்லை. நாளைக்கே வாங்க வேண்டும்.

கொக்கிரகுளத்தான் | 9:51
என்ன சைக்கிள்? என்ன சைஸ்? டயர் எத்தனை வருடம் ஓடியது? எவ்வளவு காற்று அடிக்கிறீர்கள்? இதெல்லாம் இல்லாமல் எதைச் சொல்ல?

சங்கிலி | 9:58
யோசிக்கவே வேண்டாம், ஸ்வால்பே மாரத்தான் பிளஸ். ஓடுதளத்துக்கு அடியில் 5 மில்லிமீட்டர் கனத்துக்கு ரப்பர் மெத்தை இருக்கும். போர்டில் குத்துகிற டிராயிங் பின் ஏறினாலும் மெத்தைக்குள்ளேயே நின்றுவிடும், டியூப்பைத் தொடாது. நான் மூன்று வருடமாக ஓட்டுகிறேன், ஒரே ஒரு பஞ்சர். கனம் மட்டும் கொஞ்சம் அதிகம். ஒரு டயரே ஒரு கிலோவை ஒட்டி வரும்.

தெற்குப் பஜார் | 10:06
ஒரு கிலோ டயரைக் கட்டிக்கொண்டு நான்குவழிச் சாலையில் எதிர்காற்றில் மிதித்துப் பாருங்கள், தெரியும். டியூப்பில் சீலன்ட் ஊற்றினால் போதும். சிறு ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும்.

கொக்கிரகுளத்தான் | 10:09
அதற்கும் வால்வு எது என்று தெரிய வேண்டும். ரப்பர் வால்டியூப் போட்ட பழைய வால்வு என்றால் சீலன்ட் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் காற்றே ஏறாது.

நாற்பதாண்டு மிதி | 10:31
மாதம் ஒருவர் வந்து இதையே கேட்கிறார். பஞ்சரே ஆகாத டயர் ஒன்று இருந்திருந்தால் ஊரில் பஞ்சர் கடை எதற்கு? காற்றில்லாத டயர் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து உங்கள் முதுகு என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். கேள்வி கேட்பதற்கு முன் டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து படிக்கலாம். எழுத்து அங்கேயேதான் இருக்கிறது.

பாளை மிதி | 10:40
28 இன்ச் அண்ணாச்சி. பின் சக்கரம் மட்டும்தான் ஆகிறது. டயர் புதுசு மாதிரிதான் இருக்கிறது. காற்று நிறையவே இருக்கும், கட்டைவிரலால் அமுக்கினால் கல் மாதிரி இருக்கும்.

சங்கிலி | 10:44
28 தானே, மாரத்தான் பிளஸ் 28-இல் கிடைக்கிறது. இப்போதே ஆர்டர் போடுங்கள்.

நாற்பதாண்டு மிதி | 10:52
போடாதீர்கள். 28 என்ற பெயரில் இரண்டு சைஸ் இருக்கிறது என்று எத்தனை தடவைதான் எழுதுவது? தாத்தா காலத்துக் கறுப்புச் சைக்கிளில் வருகிற 28 x 1½-க்கு ரிம் அளவு 635 மில்லிமீட்டர். ஹைபிரிட் சைக்கிளில் 700 என்று வருவதையும் 28 என்றுதான் விற்கிறார்கள். அதன் ரிம் 622. பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். ஒன்றின் டயர் மற்றதில் உட்காராது. பக்கவாட்டில் 37-622 என்றோ 40-635 என்றோ சின்ன எழுத்தில் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம். அந்த இரண்டாவது எண்ணை மட்டும் பாருங்கள். மிச்சமெல்லாம் விற்கிறவன் வைத்த பெயர்.

சங்கிலி | 10:55
சரி, அது எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

பஞ்சர் கடை வீட்டுப் பிள்ளை | 11:20
எங்கள் வீட்டில் பஞ்சர் கடைதான். சின்னதிலிருந்து சொலூசன் வாசத்தில் வளர்ந்தவன் சொல்கிறேன், டயர் வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். பின் சக்கரம் மட்டும், இரண்டு வாரத்தில் ஐந்து. இதைக் கேட்டால் எங்கள் அப்பா முதலில் டயரைத்தான் உள்ளே திருப்பிப் பார்ப்பார். டியூப்பை மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தால் குத்தினது டயரிலேயே இருக்கும், மறுபடி மறுபடி அதே குத்தும்.

டயரைக் கழற்றுவதற்கு முன் வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டியூப்பை எடுத்துத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை எங்கே என்று பாருங்கள். பழைய ஒட்டுகளும் இருக்கும்தானே? வால்வுக்கும் அவற்றுக்கும் இடையில் எத்தனை சாண் என்று அளந்து, டயரில் கோட்டிலிருந்து அதே தூரம் இரண்டு பக்கமும் பாருங்கள். டியூப் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது, அதனால்தான் இரண்டு பக்கமும். அந்த இடத்தில் கையை விடாதீர்கள், பஞ்சை விட்டுத் தடவுங்கள். பஞ்சு மாட்டும் இடத்தில் ஏதோ இருக்கிறது. நுனி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், விரலுக்குத் தெரியாது. டயர் நின்றிருக்கும்போது உள்ளே போய்விடும், நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் எட்டிப்பார்க்கும்.

ஓட்டை எப்படி இருக்கிறது என்றும் சொல்லுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் பாம்புக்கடி. காற்றுக் குறைவாக இருந்து, பள்ளத்தில் இறங்கும்போது ரிம் கடித்தது. உள்பக்கம் ஓட்டை என்றால் ரிம்மில் போடும் பட்டி விலகி ஆரக்கம்பி (ஸ்போக்ஸ்) குத்துகிறது. அதற்கு எந்த டயரும் உதவாது.

கொக்கிரகுளத்தான் | 11:26
அருமை. கட்டைவிரல் கணக்கை விட்டுவிடுங்கள் மிதி. காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ. என்றாலும் 70 பி.எஸ்.ஐ. என்றாலும் விரலுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அளவு காட்டும் பம்பு ஒன்று வாங்குங்கள். 37 அகல டயர் என்றால் பின்னால் 60, 65 வைக்கலாம். டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம்.

முக்கூடல் பக்கம் | திங்கள் காலை 6:15
மழைக்காலத்தில் பஞ்சர் கூடுவது உண்மைதான். நனைந்த ரப்பரில் கண்ணாடியும் கம்பியும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். போதாததற்கு மழைத் தண்ணீர் ரோட்டோரத்துக் குப்பையை எல்லாம் நீங்கள் ஓட்டும் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். நான்குவழிச் சாலையில் வெடித்த லாரி டயரின் கம்பி தலைமுடி கனத்தில் கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. ஆனால் எங்கள் பக்கம் எல்லாம் சீமைக் கருவேல முள்தான். கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிக்கொண்டு டிராக்டர் போனால் பின்னாலேயே முள் உதிர்ந்துகொண்டு வரும்.

தெற்குப் பஜார் | 6:40
அது சீமைக் கருவேலம் இல்லை, உடைமரத்து முள். ஆட்டுக் கிடை போடுகிறவர்கள் பட்டி அடைக்க வெட்டி இழுத்துக்கொண்டு போவது.

முக்கூடல் பக்கம் | 6:48
உடை குடைபோல் விரிந்து நிற்கும், முள் நீளமாக வெள்ளையாக இருக்கும். நான் சொல்வது பழுப்பு, அடி தடித்தது. இரண்டும் தெரியாமலா இந்தப் பக்கம் இருக்கிறேன்?

தெற்குப் பஜார் | 7:02
நம் ஊரில் முள் உள்ள எதையும் உடை என்றுதான் சொல்வார்கள். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டச் சொன்னபோது சீமைக் கருவேலத்தோடு சேர்த்து நல்ல உடைமரத்தையும் வெட்டிச் சாய்த்தார்கள். ஆடு நெற்றுத் தின்னும், நிழலும் கிடைக்கும். அதைப்போய் வெட்டினால்!

முக்கூடல் பக்கம் | 7:10
சீமைக் கருவேல நெற்றையும்தான் ஆடு தின்னும். தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் விதைக்கும். அதுதானே பிரச்சினையே.

நாற்பதாண்டு மிதி | 7:33
கேட்டது டயர். மரம் அல்ல. நெருஞ்சியை ஒருவரும் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன். வெயில் காலத்தில் கரையில் சைக்கிளை நிறுத்தினால் டயர் முழுக்க ஒட்டிக்கொண்டு வருவது அதுதான்.

சங்கிலி | 7:41
மாரத்தான் பிளஸில் நெருஞ்சி ஏறாது.

பஞ்சர் கடை வீட்டுப் பிள்ளை | புதன் இரவு 8:05
மிதி அண்ணே, பார்த்தீர்களா? டியூப் ஓட்டை எந்தப் பக்கம்?

பஞ்சர் கடை வீட்டுப் பிள்ளை | சனி இரவு 9:30
?

கொக்கிரகுளத்தான் | சனி 9:44
ஷிஃப்டில் இருப்பார். இல்லை, தாழையூத்தில் உருட்டிக்கொண்டிருப்பார்.

பாளை மிதி | கேள்வி போட்டுப் பதினாறு நாள் கழித்து, செவ்வாய் மதியம் 2:10
தாமதத்துக்கு மன்னிக்கவும், நைட் ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளை சொன்ன மாதிரியே கோடு போட்டு, டயரை உள்வெளியாகத் திருப்பிப் பஞ்சு விட்டேன். மூன்று ஒட்டு ஒரே இடத்தில், வால்வுக்கு நாலு சாண் தள்ளி. அரிசி நுனி அளவுதான், முள். மூக்குத்தி திருகும் சாமணத்தை அம்மாவிடம் வாங்கிப் பிடுங்கினேன். இன்னும் அரைச் சாண் தள்ளி ஒரு கம்பியும் இருந்தது. எடுத்து இன்றோடு பதினோரு நாள், ஒன்றும் ஆகவில்லை. டயரில் 37-622 என்று இருக்கிறது. பம்பு வாங்கி அளந்தால் கல் மாதிரி இருந்தது 38 தான். எல்லோருக்கும் நன்றி.

சங்கிலி | 2:16
அப்போ மாரத்தான் வாங்கவில்லையா?

முக்கூடல் பக்கம் | 2:31
அந்த முள் வெள்ளையா, பழுப்பா?

தெற்குப் பஜார் | 2:33
அதையேதான் நானும் கேட்க வந்தேன். தூக்கிப் போட்டுவிடவில்லையே?