நிலத்தடி நிலக்கரிச் சுரங்கமும் வற்றும் கிணறும்: விவரம் தெரிந்தவர்களின் உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் காரைக்குடியிலிருந்து வணக்கம். வடக்கே ஒரு நிலக்கரி வட்டாரத்தில் குடியிருக்கும் என் தங்கையின் வீட்டுக் கிணறு மூன்று கோடைகளாக வற்றிப்போகிறது. காரணம் அருகிலுள்ள நிலத்தடிச் சுரங்கமா, மழைக் குறைவா என்று அறிய விரும்புகிறேன். முற்றத்து மழைநீரை அண்டாவில் பிடித்தும் ஊருணியைக் காத்தும் வளர்ந்த நமக்கு இத்தகைய கேள்வி எளிதில் மனத்தை விட்டு அகலுவதில்லை.

நான் புரிந்துகொண்டவரை, கூரையைத் தாங்க நிலக்கரியிலேயே தூண்களை விட்டுவைத்துத் தோண்டும்போது மேற்பாறை பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. ஆனால் அத்தூண்களையும் பின்னர் எடுத்தாலோ, நீள்சுவர் முறையில் நிலக்கரி அடுக்கு முழுவதையும் வெட்டினாலோ, கூரை இடிந்து, எடுத்த நிலக்கரியின் தடிமனைவிடப் பல மடங்கு உயரத்துக்கு விரிசல்கள் ஏறுகின்றன. அவை நீர்தாங்கும் மணற்பாறையைத் தொட்டால் நீர் சுரங்கத்துக்குள் வடிகிறது; அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இடையே நீரை எளிதில் விடாத தடித்த களிப்பாறை இருந்தால் மேலேயுள்ள கிணறுகள் தப்பலாம். (நெய்வேலியை ஒப்பிட வேண்டாம், அது திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம், அங்கே அடுக்குக்குக் கீழே அழுத்தத்தில் உள்ள நீரை இறைக்கிறார்கள்.)

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு 4 முறை எடுக்கும் நீர்மட்ட அளவீடுகளை மழைப் பதிவோடு ஒப்பிட்டால் போதுமா, அல்லது சுரங்கத்தின் அன்றாட இறைப்பு அளவும் வேண்டுமா? சுரங்கம் மூடப்பட்டு நீர் நிரம்பியபின் கிணறுகள் மீண்டதை நேரில் கண்டவர்கள், அதற்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.