கண் திறந்தும் திறக்காத குட்டியைக் குளிப்பாட்டலாமா?

கீழவாசல்காரி, தஞ்சாவூர்:
நேற்றைய மழையில் தெருமுனைச் சாக்கடையிலிருந்து ஒரு நாய்க்குட்டியை என் மகள் தூக்கி வந்துவிட்டாள். தாய் நாயைக் காணவில்லை. குட்டிக்குக் கண் கீற்றாகத்தான் திறந்திருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன், பல் எதுவும் தட்டுப்படவில்லை. உடம்பெல்லாம் சேறு காய்ந்து நாறுகிறது, வயிற்றில் தெள்ளுப்பூச்சி ஓடுகிறது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி ஊற்று என்கிறார் மாமியார். வெந்நீரில் ஒரு மூடி கிருமிநாசினி விட்டுக் குளிப்பாட்டச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். வாளியில் வெந்நீர் தயாராக இருக்கிறது. யாராவது உடனே சொல்லுங்கள்.

வளர்ப்பம்மா, திருச்சி:
வாளியை ஓரமாக வையுங்கள், தங்கச்சி. இன்று குளியல் வேண்டாம்.

கண் இப்போதுதான் திறக்கிறது, பல் இல்லை என்றால் அதற்கு இரண்டு வாரம்தான் இருக்கும். இந்த வயதில் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. வளர்ந்த நாய்க்கு 38, 39 டிகிரி செல்சியஸ் இருக்கும். பிறந்த முதல் வாரக் குட்டிக்கு 35, 36 தான். தாயின் மடியும் கூடப் பிறந்தவற்றின் உடம்பும்தான் அதற்கு அடுப்பு. தலையோடு நீரை ஊற்றினால், அந்த நீர் உலர்வதற்குள் இருக்கிற சூடும் போய்விடும். தெருக்குட்டிகள் பல இப்படித்தான், அன்போடு குளிப்பாட்டப்பட்ட அன்றே இறந்துபோகின்றன. எனக்கு ஆறாத வருத்தம் இது.

முதலில் சூடு. பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துண்டால் நன்றாகச் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். வாய்க்குள் விரல் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் பால் கொடுக்கவே கூடாது. குளிர்ந்த குடலில் பால் செரிக்காது.

உடம்பு கதகதப்பான பிறகு துடைக்கலாம். கைக்குட்டை அளவு பழைய பருத்தித் துணி, முழங்கையில் பட்டால் சூடும் தெரியாத குளிரும் தெரியாத நீர். துணியை ஒட்டப் பிழிந்து ஒரு கால் மட்டும் துடையுங்கள், உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். அது உலர்ந்த பிறகு அடுத்த கால். அப்படியே வயிறு, முதுகு. முகத்துக்கு ஈரப் பஞ்சு போதும். காதிலும் மூக்கிலும் சொட்டு நீர்கூட இறங்கக் கூடாது. காய்ந்த சேற்றைத் தேய்க்காதீர்கள், விரலால் நெருடினால் உதிர்ந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நடுங்கினால் அத்துடன் விட்டுவிட்டு மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். நாற்றம் நாளைக்கும் இருக்கட்டும்.

ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் வாலுக்கு அடியில் ஈரப் பஞ்சால் மெல்ல வருடிவிடுங்கள். தாய் நக்கிவிட்டால்தான் சிறுநீரும் மலமும் போகும் வயது இது. சுத்தமும் அதிலேயே ஆகிவிடும்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
அம்மா சொன்னது அத்தனையும் சரி. கிருமிநாசினி பற்றி நான் சொல்கிறேன். தரைக்கும் கழிப்பறைக்கும் உள்ள பொருள் அது. குட்டியின் மெல்லிய தோல் அதை உறிஞ்சும், மீதியை அதுவே நக்கிவிடும். மண்ணெண்ணெய், கற்பூரம், பூச்சிப் பொடி எதுவும் வேண்டாம். கடையில் விற்கும் தெள்ளுப்பூச்சி மருந்துகளில் பெரும்பாலானவை ஏழெட்டு வாரம் கடந்த குட்டிகளுக்கானவை. அரைத்த மஞ்சளும் வேப்பிலையும் உடம்பில் ஈரமாக அப்பிக்கொண்டு குளிரைத்தான் கொடுக்கும்.

பேன் சீப்பால் வாருங்கள். சீப்பில் சிக்கும் பூச்சியை சோப்புத் தண்ணீரில் உதறினால் மூழ்கிச் சாகும். கூடவே வரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். சிவப்பாகக் கசிந்தால் அது குட்டியின் இரத்தம். அரைக் கிலோ குட்டியின் உடம்பில் மொத்த இரத்தமே ஏறத்தாழ 40 மில்லிதான். குட்டியின் வாயைத் திறந்து பாருங்கள், ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது?

கீழவாசல்காரி, தஞ்சாவூர்:
வாளி நீரை பாட்டிலில் நிரப்பிவிட்டேன். வாய் இப்போது வெதுவெதுப்பாக இருக்கிறது, முனகலும் நின்றுவிட்டது. துணியில் வைத்த துகள் சிவப்பாகத்தான் கசிகிறது, ஐயா. ஈறு இளஞ்சிவப்பாக இல்லை, வெளுத்திருக்கிறது.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
அப்படியானால் காத்திருக்க வேண்டாம், இப்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரம்தான். பூச்சி மிக அதிகம் என்றால், தலை நனையாமல் கழுத்துக்குக் கீழே மட்டும் வெதுவெதுப்பான நீரில் நொடிப்பொழுதில் அலசி எடுக்க மருத்துவரே சொல்லக்கூடும். அது அவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

வளர்ப்பம்மா, திருச்சி:
போகும் வழியிலும் பாட்டில் பெட்டிக்குள் இருக்கட்டும். பசும்பால் கொடுத்துவிடாதீர்கள், வயிற்றுப்போக்கு வரும்; குட்டிகளுக்கான பால்மாவை மருத்துவரிடமே கேளுங்கள். முழுக் குளியலுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகட்டும். அப்போதும் நல்ல வெயில் நேரமாகப் பார்த்து, வீட்டிலேயே. மருத்துவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள், தங்கச்சி.