பின்னேரமானால் செத்துப்போகும் லைன்: கியூஓஎஸ் போட்டுப் பார்த்தவர்களின் அனுபவம்

கடல்காகம்:

திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ்களுக்கு நெட்வேர்க் வேலை செய்கிறேன். லைன் நெரியும்போது எந்தப் பாக்கெட் முன்னால் போக வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்லி வைப்பதுதான் கியூஓஎஸ். மே முதல் செப்டம்பர் வரை எங்களுக்குச் சீசன். அந்த மாதங்களில் வரும் முறைப்பாடெல்லாம் ஒரே மாதிரித்தான்: "தம்பி, காலமை லைன் நல்லா ஓடுது, மத்தியானத்துக்குப் பிறகு செத்துப்போகுது." காரணமும் ஒன்றுதான். புறாத்தீவுக்குப் போன ஆட்கள் திரும்பி வந்து, குளித்துவிட்டு, போனைச் சார்ஜில் போடுவார்கள். கடலுக்கடியில் எடுத்த வீடியோ முழுவதும் அந்த நேரம் பார்த்துக் கிளவுட்டுக்கு ஏறத் தொடங்கும்.

கடைசியாகப் போன இடத்தில் டவுன்லோட் 40 எம்பிபிஎஸ், அப்லோட் 8. சும்மா இருக்கையில் பிங், அதாவது ஒரு பாக்கெட் போய்ப் பதில் வர எடுக்கும் நேரம், 25 மில்லிசெக்கன். ஒரு போனிலிருந்து பெரிய வீடியோவை ஏற்ற விட்டுப் பார்த்தால் 600ஐத் தாண்டியது. குரல் அழைப்பில் ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பரிந்துரை. இதில் டவுன்லோடும் சேர்ந்து படுத்துவிடும். எதை இறக்கினாலும் "கிடைத்தது" என்று பதில் பாக்கெட் மேலே போயாக வேண்டும், அது வீடியோவுக்குப் பின்னால் போய் நிற்கும். கூடிய பக்கேஜுக்கு மாறச் சொல்லி அந்த வீட்டு அம்மாவுக்கு யாரோ ஏற்கெனவே புத்தி சொல்லியிருந்தார்கள்.

ரவுட்டர் மைக்ரோடிக். எனக்கு முன் வந்தவர் மேங்கிளில், அதாவது பாக்கெட்டுகளுக்கு அடையாளம் குத்தும் பகுதியில், வரிவரியாக ரூல் எழுதி வைத்திருந்தார்: ஸூமுக்கு ஒன்று, வாட்ஸப்புக்கு ஒன்று, யூடியூப்புக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் முதலிடம்! ஒரு ஸூம் அழைப்பை ஓட விட்டு, ரூல்களுக்கு எதிரே இருக்கும் பாக்கெட் எண்ணிக்கையைப் பார்த்தேன். ஏற மனமில்லாமல் ஏறியது. ஃபாஸ்ட்ட்ராக் போட்டபடியே கிடந்திருக்கிறது. டிஃபோல்ட் அமைப்போடு வரும் அந்த ரூல், திறந்துவிட்ட இணைப்பின் பாக்கெட்டுகளை மேங்கிளும், அடையாளத்தைப் பார்த்து வரிசைப்படுத்தும் கியூ ட்ரீயும் தொடாமல் குறுக்கு வழியில் அனுப்பிவிடும்.

அதை நிறுத்தியும் பாதி வேலைதான் முடிந்தது. கியூவுக்கு, அதாவது வரிசைக்கு, இவ்வளவு வேகத்துக்கு மேல் விடாதே என்று எல்லை எதுவும் கொடுத்திருக்கவில்லை. ரவுட்டர் வந்ததையெல்லாம் அப்படியே தள்ளிவிட, நெரிசல் மோடத்தில் போய்த் தேங்கும். வரிசையே இல்லாத இடத்தில் யாரை முன்னால் விடுவது? அப்லோடை 7இல் கட்டினேன், லைன் வேகத்தில் ஏறத்தாழ 90 சதவீதம். வரிசை ரவுட்டருக்குள் வந்தது. அதற்குப் பிறகுதான் ரூல் எழுதுவதில் அர்த்தம்.

ரூல் விஷயத்தில் என் கட்சி வேறு. முக்கியமானதைத் தேடித் தேடி மேலே தூக்க நிற்காதீர்கள், பாரமானதைக் கீழே இறக்குங்கள். புக்கிங் தளம், கார்ட் மெஷின், ஃபோட்டோ பேக்கப், யூடியூப் எல்லாமே 443 என்ற ஒரே போர்ட்டில், அதாவது ஒரே வாசல் எண்ணில்தான் போகின்றன, போர்ட்டை வைத்துப் பிரிக்க வழியில்லை. அழைப்புகளுக்கு மட்டும் யூடிபி (நேரடிக் குரலும் வீடியோவும் போகும் முறை) போர்ட்டுகளில் 3478 முதல் 3481 வரை, ஸூமுக்கு 8801 முதல் 8810 வரை, கூகுள் மீட்டுக்கு 19305 முதல் 19309 வரை எடுத்து ஒரே வகுப்பில் போட்டேன். மிச்சத்தில் எந்த இணைப்பாவது 10 எம்பியைத் தாண்டினால் அது கடைசி வகுப்பு. கனெக்ஷன் பைட்ஸ் என்ற நிபந்தனை அதற்குத்தான் இருக்கிறது. அழைப்பு ரூல் இதற்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீண்ட வீடியோ கோலும் கடைசிக்குப் போய்விடும். ஃபோட்டோ இப்போதும் ஏறுகிறது, கொஞ்சம் ஆறுதலாக. பேக்கப் நடக்கும்போதே பிங் 40க்குள் நிற்கிறது.

உவர்மலைக்காரி:

எங்கள் அக்கா உயர்தரப் பிள்ளைகளுக்கு ஸூமில் இரசாயனவியல் எடுக்கிறா. "மிஸ், குரல் விட்டு விட்டு வருது" என்பதுதான் வகுப்பில் அதிகம் கேட்கும் வசனம். வீட்டுச் சிசிடிவி பெட்டி எந்நேரமும் கிளவுட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. லைனோடு தந்த ரவுட்டரில் கியூஓஎஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறது, லைன் வேகத்தை எழுத இடமே இல்லை. அதனால் ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் போட்ட வேறொரு ரவுட்டரில், வரிசையைக் கவனிக்கும் எஸ்கியூஎம் பொதியை நிறுவி, அதில் கேக் என்ற வரிசை முறையைத் தெரிவு செய்தேன். 2018இல் லினக்ஸ் 4.19இலேயே கேக் சேர்ந்துவிட்டது, புதுச் சரக்கு இல்லை. வேக எல்லையைக் கொடுத்து, ஃபாஸ்ட்ட்ராக் போன்ற குறுக்கு வழியான ஃப்ளோ ஆஃப்லோடிங்கை நிறுத்தியதுமே, ஒரு ரூலும் எழுதாமல் குரல் சரியாகிவிட்டது. ஒவ்வொரு இணைப்பையும் அது தனித்தனி வரிசையில் வைத்து மாறி மாறி விடுகிறது.

பிறகு சிசிடிவி பெட்டியின் ஐபிக்கு மட்டும் சிஎஸ்1, அதாவது டிஎஸ்சிபி (பாக்கெட்டின் மேல் குத்தும் முன்னுரிமை எண்) 8, போட்டுக் கடைசி வகுப்புக்கு அனுப்பினேன். அழைப்புகளுக்கு 46 போடுகிறவர்களுக்கு ஒன்று: பல ரவுட்டர்கள் வைஃபையில் அந்த எண்ணின் முதல் மூன்று பிட்டை மட்டுமே பார்க்கும். 46இல் அது 5, வைஃபை கணக்கில் வீடியோ வகுப்பு, குரல் வகுப்பு இல்லை. நம் வீட்டு ரவுட்டரைத் தாண்டினால் அந்த முத்திரையை யாரும் மதிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

கிண்ணியாப் பொடியன்:

எங்கட நானா கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறார், 4ஜி ரவுட்டர். 90 சதவீதத்தில் கட்டு என்கிறீர்கள், எதன் 90? காலையில் அப்லோட் 12, இஷாவுக்குப் பிறகு 3. கூடியதை வைத்துக் கட்டினால் இரவில் நெரிசல் திரும்பவும் எங்கள் கை மீறிப் போய்விடுகிறது, குறைந்ததை வைத்தால் பகலில் லைன் வீண். கடைசியில் கேக் ஆட்டோரேட் ஸ்கிரிப்ட் போட்டேன். பிங்கைப் பார்த்துக்கொண்டே எல்லையை அது ஏற்றி இறக்கும். கீழ் எல்லையை 2க்குக் குறைய விடவில்லை, விட்டால் ஸ்கேன் செய்த விண்ணப்பப் படிவம்கூட ஏறாது. கடல்காகம் அண்ணன், ஃபாஸ்ட்ட்ராக்கை நிறுத்தினால் சிபியூவுக்கு வேலை கூடுமே, பழைய மைக்ரோடிக் தாங்குமா?

கடல்காகம்:

40 எம்பிபிஎஸ் லைனுக்குத் தாங்கும், தம்பி. 100க்கு மேல் ஃபைபர் என்றால் சின்னப் பெட்டிகள் திணறும். ஸ்பீட் டெஸ்ட் ஓடும்போது சிபியூ அளவையும் திறந்து வைத்துப் பாருங்கள். 100 சதவீதத்தில் ஒட்டி நின்றால் பெட்டியை மாற்றத்தான் வேண்டும்.