பெற்றோர் கூடிப் பழகுவது பிள்ளைகளின் அணிக்கு நல்லதா?

கோவில்பட்டித் தந்தை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகன் 14 வயதுக்கு உட்பட்டோர் ஹாக்கி அணியில் இரண்டு ஆண்டுகளாக ஆடுகிறான். விடியற்காலைப் பயிற்சிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நாங்கள் முதலில் ஆளுக்கொரு மூலையில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றோம். மதுரைக்கும் திருச்சிக்கும் போட்டிகளுக்காகச் சேர்ந்து போய்வந்த பிறகு, ஒருவர் வீட்டு விசேஷத்தில் மற்றவர் பந்தி பரிமாறும் அளவுக்கு நெருங்கிவிட்டோம். அணியும் அதனால் ஒட்டிக்கொண்டது என்றே நினைத்தேன். ஆனால் இப்போது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் பதினொருவரின் பெற்றோருக்கென்று தனி வாட்ஸ்அப் குழு ஒன்று இயங்குகிறது. பிள்ளைகளும் வேனில் அதே கணக்கில் பிரிந்து உட்காருகிறார்கள். நம் பழக்கம் அவர்களுக்கு உதவுகிறதா, நம் கோணல்களையும் சேர்த்து அவர்கள் தலையில் ஏற்றுகிறதா?

கோல்கீப்பரின் அம்மா

ஐயா, எங்கள் அனுபவத்தில் அது உதவியது. தலைக்கவசம், மார்புக் காப்பு, கால் பேடு, காலணிமேல் மாட்டும் கிக்கர், கையுறை என்று கோல்கீப்பருக்கு வேண்டியவற்றை ஒரே குடும்பம் வாங்குவது எளிதன்று. எங்கள் அணியில் எல்லாரும் பங்கு போட்டு வாங்கினோம். பணம் மிச்சமானது ஒருபுறம் இருக்கட்டும். அது பொதுச்சொத்து என்று ஆன பிறகு மற்றப் பையன்களும் பயிற்சியில் அதை மாட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள். பந்து எவ்வளவு வேகமாக வருகிறது என்பது அவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் அன்றுதான் புரிந்தது. ஓர் ஆட்டத்தில் என் மகன் நான்கு கோல் வாங்கியபோது, புளியோதரைப் பொட்டலத்தை முதலில் அவனிடம் நீட்டியவர் தடுப்பாட்டக்காரப் பையனின் தாயார். பழக்கம் இல்லாத காலத்தில் அவரே "கீப்பர் விட்டுட்டான்" என்று உரக்கச் சொல்லியிருக்கிறார்.

பழைய சென்டர் ஹாஃப்

நான் ஆடியவன், சில காலம் பயிற்சியும் அளித்தவன். ஹாக்கியில் ஆட்டக்காரரை மாற்றுவதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. வெளியே வந்தவர் மீண்டும் உள்ளே போகலாம். 15 நிமிடம் வீதம் நான்கு பகுதிகளிலும் இந்த மாற்றம் நடந்துகொண்டே இருப்பதால், ஓரத்தில் நிற்கும் பெற்றோர் ஒவ்வொன்றையும் தம் பிள்ளைக்கு எழுதப்பட்ட தீர்ப்பாக எடுத்துக்கொண்டு நிமிடக் கணக்குப் பார்க்கிறார்கள். தனி ஆளாக இருந்தால் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பார். ஆறு பேர் நண்பர்களாகிவிட்டால் அது தூதுக்குழுவாகிறது. அப்படி வந்தவர்களுக்கு நான் ஒருமுறை இணங்கினேன். பெற்றோரின் சிபாரிசில் இறங்கிய அந்தப் பையனுக்கு மற்றவர்கள் பந்தே தள்ளவில்லை. அணித் தேர்வைப் பற்றிய பேச்சு குழுவில் வரக்கூடாது. கேட்க வேண்டியிருந்தால் மறுநாள் தனியாக வந்து, தன் பிள்ளையைப் பற்றி மட்டும் கேட்கலாம்.

இன்னொன்று. உங்கள் ஊரின் விளையாட்டு விடுதியில் வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் பயில்கிறார்கள். அரியலூரிலிருந்து அங்கே வந்த கார்த்தி செல்வமும் உள்ளூர்க்காரரான மாரீஸ்வரன் சக்திவேலும் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் ஒன்றாக இடம்பெற்றார்கள். விடுதிப் பிள்ளைகளுக்கு ஓரத்தில் நிற்க யாரும் இல்லை. உங்கள் நெருக்கம் அவர்கள்வரை எட்டுகிறதா என்று பாருங்கள். கடலைமிட்டாய் கொண்டுபோனால் அவர்களுக்கும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி

சேர்ந்து பழகுவதற்கு நேரமும் காசும் வேண்டும் என்பதை ஒருவரும் எழுதவில்லையே. காலைப் பயிற்சிக்கு நான் வந்து நின்றால் அன்றைய வேலை தாமதமாகும். போட்டி முடிந்து அனைவரும் ஓட்டலுக்குப் போகும்போது, பசிக்கவில்லை என்று என் மகன் சொல்லப் பழகிவிட்டான். நெருக்கமான பெற்றோர் யாரையும் விலக்குவதில்லைதான். ஆனால் வர முடியாதவர்களின் பிள்ளைக்கு அது விலக்கியதைப் போலவே இருக்கிறது.

கோவில்பட்டித் தந்தை

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஓட்டலுக்குப் பதிலாக வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம் என்று அடுத்த பயணத்துக்குச் சொல்லப்போகிறேன். முறை வைத்துச் சமைத்தால் எண்ணிக்கை பார்க்காமல் எல்லாருக்கும் போட முடியும். வேனில் இடத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வதாகவும் எண்ணம். என் மகனும் முதல் பதினொருவரில் ஒருவன். அந்தத் தனிக்குழுவில் நானும் இருக்கிறேன் என்பதைக் கேள்வியில் எழுதத் தயங்கிவிட்டேன்.